மறுநாளும் வருகிறவர்கள்

டிசம்பர் 5ஆம் தேதி ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தன்னார்வலர்களுக்குப் பாராட்டு விழா, மேடையில் ஒருவர் பின் ஒருவராகப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள், ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1985இல் இந்தத் தேதியை உலகத் தன்னார்வலர் நாளாக அறிவித்ததையும், 2026ஐத் தன்னார்வலர் ஆண்டாகவே அறிவித்திருப்பதையும் ஒரு கல்லூரிப் பெண் திருத்தமான உச்சரிப்போடு படித்துக்கொண்டிருந்தாள், எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் மண்டபத்தின் பின்கட்டில் மதியச் சாப்பாட்டுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள், வடிகஞ்சியின் ஆவி கதவிடுக்கு வழியாக நுழைந்து நாற்காலி வரிசைகளுக்கு நடுவே பரவியபோது, அந்தச் சூடான, மாவு படிந்த, அடியில் லேசாக இனிக்கிற வாசனை மூக்கில் ஏறியபோது, மேடையும் மாலையும் விலகிப் போய் எங்கள் தெருவின் விடியற்காலை வந்து முன்னால் நின்றது.

பாவு நீட்டுகிற நெசவாளர் தெரு அது. மார்கழிப் பனியில் கோலம் போடுகிறவர்கள் எழுந்திருப்பதற்கும் முன்னால், தெருவிளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கும்போதே, யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பித்தளை அண்டாவில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும், மூன்று நான்கு பட்டுச் சேலைக்கு ஆகிற நீளவாட்ட இழைகளான பாவைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிப் பக்கமாக இழுத்து முளையடித்துக் கட்டுவார்கள், இழைகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இடையிடையே மூங்கில் குச்சிகளைச் செருகுவார்கள், பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சியைத் தோய்த்து, தடவி, நீவி, வெயில் கூரை ஏறுவதற்குள் அதை உலர்த்தி எடுத்துவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியம் இல்லை இது. அதனால் கஞ்சி ஆறுகிற வாசனை தெருவில் எழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருவார், எதிர்வீட்டு அண்ணன் பல்குச்சியோடு வருவார், பெண்கள் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு வருவார்கள், யாரும் யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை, கூலி என்று ஒரு காசும் கைமாறியதில்லை, வேலை முடிந்ததும் பாவுக்காரர் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி வரும், அதைத் திண்ணையில் உட்கார்ந்து உறிஞ்சிவிட்டு அவரவர் தறிக்குழிக்குள் இறங்கிவிடுவார்கள், இன்று இந்த வீட்டுப் பாவு என்றால் நாளை மறுநாள் தங்கள் வீட்டுப் பாவுக்கு இதே கைகள் வரும் என்பது தெரிந்ததால் அதில் பெருமை பேச யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. விடியலில் வருகிற மாட்டுவண்டிக்காரர்கூடத் தெருமுனையில் பாவைப் பார்த்தால் முணுமுணுக்காமல் மாட்டைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவால் சுற்றிப் போவார், அதுவும் அந்தப் பாவுக்கு அவர் செய்கிற வேலைதான் என்று இப்போது தோன்றுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்குக்குள் அடங்காத ஒருவர் அங்கே இருந்தார், தெருக்கோடி ஓட்டு வீட்டுத் தாத்தா, கண் மங்கி, முதுகு தறிக்குழியிலேயே வளைந்து போய், தறியை எப்போதோ விற்றுவிட்டவர், பிள்ளைகள் வேறு ஊரில், அவர் வீட்டில் இனி பாவு ஏறப்போவதில்லை, அவருக்காக யாரும் விடியலில் எழுந்து வரவேண்டிய நாள் வரப்போவதும் இல்லை, ஆனால் எந்த வீட்டுப் பாவு நீட்டினாலும் அவர்தான் முதலில் வந்து நிற்பார். அவருடைய வேலை அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிவது, அதைக் கண்ணால் பார்க்க அவரால் முடியாது, பாவின் மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டிக்கொண்டே நடப்பார், ஒரு இடத்தில் நிற்பார், ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவில் தொய்ந்து கிடக்கிற ஒன்றைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக நிமிண்டி எடுப்பார், இடுப்பில் செருகியிருக்கும் சின்னப் பொட்டலத்திலிருந்து சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்குவார், அவ்வளவுதான், முடிச்சு இருந்த இடம் தெரியாது, கை மறுபடி நகர்ந்துவிடும். அவருடைய விரல் நுனிகள் அந்தச் சாம்பலில் ஊறி எப்போதும் வெளுத்திருக்கும், எங்கள் கன்னத்தை அவர் தடவினால் விபூதி வாசனை ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை என் ஆயா பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டாள், ‘ஏன் பெரியவரே, இந்தக் குளுர்ல உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல, போத்திகினு படுத்திருக்கக் கூடாதா’, அவர் கையை எடுக்காமலே சொன்னார், ‘அறுந்து கெடக்குதும்மா, தெரிஞ்சிகினு எப்பிடிப் படுக்கறது.’

ஆயாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன், அவளும் அந்த வகைதான், ஆனால் அவளுடைய இடம் தெருவல்ல, படவேடு. ஆடி மாதம் பிறந்தால் எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் ரேணுகாம்பாள் கோயிலை நோக்கித் திரும்பிவிடும், ஜவ்வாது மலையடிவாரத்தில் கமண்டல நாகநதிக் கரையோரம் இருக்கிற அம்மன் அவள், ஆடி வெள்ளிகளில் பஸ்ஸிலும் வண்டியிலும் கால்நடையாகவும் வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாகக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கும், அந்த வழியில் எங்கள் உறவுக்காரர்கள் சிலர் ஒரு புளியமரத்தடியில் கீற்றுப் பந்தல் போட்டுக் கூழும் நீர்மோரும் ஊற்றுவார்கள், ஆயா வருடம் தவறாமல் முதல் வெள்ளிக்கு முந்தின நாளே என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். இரவெல்லாம் கேழ்வரகுக் கூழ் கொதிக்கிற சத்தம், புகை, ஈரச் சாக்கின் நாற்றம், மோரில் கசக்கிப் போட்ட கொத்தமல்லியும் பெருங்காயமும் சேர்ந்த வாசனை, விடிந்ததும் பந்தலுக்கு முன்னால் நீளுகிற கைகள்.

அங்கே ஆயா யாரையும் உட்கார்ந்து ஊற்ற விடமாட்டாள், நடந்து வந்தவர்கள் நிற்கும்போது ஊற்றுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது தப்பு என்பாள், குவளையை நீட்டுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினால் முழங்கையில் இடிப்பாள், சின்னப் பிள்ளைகளுக்கு முக்கால் குவளைதான் ஊற்ற வேண்டும், முழுதாக ஊற்றினால் கீழே கொட்டிவிட்டு அம்மாவிடம் அடி வாங்கும், வயதானவர்களுக்குக் கூழில் மோர் கூடுதலாகக் கலந்து நீர்க்கக் கொடுக்க வேண்டும், இப்படிப் பொடிப் பொடியாக அவளுக்குச் சட்டங்கள் இருந்தன, இவையெல்லாம் பக்தியைச் சேர்ந்தவையா தொழில் நேர்த்தியைச் சேர்ந்தவையா என்று எனக்கு அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டில் உழவாரப்படையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார் என்பதை நம் சிற்பிகள் மறக்காமல் வடித்து வைத்திருக்கிறார்கள், அத்தனை பதிகம் பாடிய பெரியவரின் கையில் ஏட்டைக் கொடுக்காமல் புல் செதுக்குகிற கருவியைக் கொடுத்தார்கள் பாருங்கள், கையால் செய்கிற வேலையை நன்றாகச் செய்வதும் ஒரு வழிபாடுதான் என்று நம்பிய மனிதர்களின் வரிசையில் ஆயாவும் எங்கோ கடைசியில் கூழ்க் கரண்டியோடு நின்றாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கூழ்ப் பந்தலின் புகையிலிருந்து நினைவு ஒரு அரிக்கேன் விளக்கின் புகைக்குத் தாவுகிறது. தொண்ணூறுகளின் தொடக்கம், பழைய வடஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்து நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன, கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதும், 1991இல் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டு கூட்டம் கூட்டமாக மிதித்துப் போனதும் பத்திரிகைகளில் வந்து, அறிவொளி என்கிற எழுத்தறிவு இயக்கத்தின் பெயர் ஊருக்கு ஊர் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் அத்தை பத்தாவது முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தவள், ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டு வீட்டோடு இருந்தவள், அவள் ஒருநாள் அறிவொளித் தொண்டராகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள், சம்பளம் உண்டா என்று வீட்டில் கேட்டார்கள், இல்லை என்றாள், அப்புறம் எதற்கு என்றார்கள், அதற்கு அவள் பதில் சொல்லவில்லை, அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

தறி நிற்கிற நேரம் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின், எங்கள் வீட்டுத் திண்ணையில் பெண்கள் வந்து உட்காருவார்கள். மயிரிழையை விட மெல்லிய பட்டை விரலிடுக்கில் உணர்ந்து பிரிக்கிறவர்களுக்குப் பல்பம் பெரிய உலக்கையாக இருந்தது, பிடித்தால் ஒடிந்தது, அழுத்தினால் சிலேட்டு கீச்சிட்டது, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும் அவர்களுக்கு. அத்தை கெட்டிக்காரி, புத்தகத்தில் இருந்த பாடத்தோடு நிற்காமல் அவரவர் வீட்டுக் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள், முதலாளி வீட்டில் எடை போட்டுக் கொடுத்த பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை மார்க்கு, முன்பணம் எவ்வளவு, கூலியில் பிடித்தது எவ்வளவு, எல்லாம் அந்த நோட்டில் இருந்தது, வருடக்கணக்காக அதை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதன்முதலாக விரலை வைத்துப் படித்தார்கள். எதிர்வீட்டுச் சித்தி தன் நோட்டில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, இது ஏழா ஒன்றா, ஏழா ஒன்றா என்று அத்தையைக் கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டதும், மறுநாள் காலை தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு முதலாளி வீட்டுக்குத் தானே நடந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அதுவரை அவள் வீட்டுக்காரர்தான் போவார்.

அத்தை அந்த வகுப்பை மழை நாளிலும் விடவில்லை, ஒருத்தி வந்தாலும் விளக்கை ஏற்றினாள், யாருமே வராத இரவுகளிலும் சிறிது நேரம் ஏற்றி வைத்துவிட்டுத்தான் அணைப்பாள், ‘வெளக்கு எரியலன்னா நாளைக்கும் வரமாட்டாங்க’ என்பாள். நாடு முழுவதும் அன்று இப்படிச் சம்பளமில்லாமல் விளக்கேற்றியவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை, பிறகு கல்யாணமாகிப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள், ஆனால் நம் கிராமங்களிலும் தறித் தெருக்களிலும் சுய உதவிக் குழுக்கள் வந்தபோது ரேகை உருட்டாமல் கையெழுத்துப் போட்ட பெண்களில் எத்தனையோ பேர் இந்தத் திண்ணைகளிலிருந்து எழுந்து போனவர்கள்.

எனக்கென்று வாய்த்த முதல் தொண்டு கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தபோது வந்தது, காந்தி நூற்றாண்டில், 1969இல், தொடங்கிய அந்தத் திட்டம் மாணவர்களுக்கு எவ்வளவோ செய்தது, எனக்கு அது ஆரணி பஸ் நிலையத்தில் ஒரு நீல நிறப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் கொடுத்தது. 1995 டிசம்பரில் நாடு முழுவதற்குமான போலியோ சொட்டு மருந்து நாட்கள் தொடங்கியிருந்தன, எங்களுக்கு முன்பே எங்கள் பக்கத்து வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைப் பேராசிரியர் ஜேக்கப் ஜான், குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மருந்து கொடுத்தால் கிருமிக்கு ஒதுங்க இடமிருக்காது என்று எண்பதுகளிலேயே செய்து காட்டியிருந்தார், அது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது, அன்று தெரிந்ததெல்லாம் பஸ் நிலையத்துக் காலை வெயில், பஜ்ஜி எண்ணெய், டீசல் புகை, மல்லிகைப்பூ, பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற பனிக்கட்டிக் குளிர். பெட்டிக்குள் ஐஸ் பட்டைகளுக்கு நடுவில் மருந்துக் குப்பி, குப்பியின் சீட்டில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு வெள்ளைச் சதுரம், சூடு பட்டால் அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி ஆகாது, தூக்கிப் போட வேண்டும், அந்தச் சதுரத்தைப் பார்க்காமல் ஒரு சொட்டும் விடக்கூடாது என்று நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தார்.

இரண்டே சொட்டு, பிறகு இடது கைச் சுண்டுவிரல் நகத்தில் மை, கேட்பதற்கு எவ்வளவு எளிது, ஆனால் ஒருதடவை போட்டால் தீர்கிற காரியமாக அது இல்லை, நம் நாட்டின் கூட்டத்திலும் வெக்கையிலும் வயிற்றுக் கோளாறுகளிலும் அந்தச் சொட்டு பிடிக்காமல் போகலாம், அதனால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும், அடுத்த சுற்று வரும்போது அதே தாய்மார்கள் அதே குழந்தையோடு, ‘போன மாசந்தான போட்டீங்க, எத்தினி வாட்டி போடுவீங்க’ என்று கேட்டு நிற்பார்கள், நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எங்கள் வாய் உலர்ந்துவிடும். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார், சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போனவர், தறிக்குழியில் மிதிக்கக் கால் வேண்டும், அதனால் நெசவாளர் வீட்டில் பிறந்தும் தறியில் உட்கார முடியாமல் வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர், அவர் யாரும் கேட்காமலே ஒவ்வொரு சொட்டு மருந்து ஞாயிறும் கோலை ஊன்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்துவிடுவார், என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் அமர்ந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிற குழந்தைகளைப் பெயர் தெரியாமலே ‘வாடா கண்ணு’ என்று கூப்பிடுவார், எத்தனை தடவை போடுவீர்கள் என்று கேட்க வாயெடுத்த தாய் அவர் காலைப் பார்த்ததும் பேசாமல் குழந்தையின் வாயைத் திறந்து காட்டுவாள். எங்கள் பதினைந்து நிமிடப் பிரசங்கத்தை விட அவர் அங்கே உட்கார்ந்திருந்தது பெரிய வேலை, அவருக்கு அது தெரிந்துதான் வந்தார். இயற்கைப் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சின்னப் பெண், 2011 ஜனவரி 13 அன்று பதிவானாள், 2014 மார்ச் 27 அன்று நம் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது, அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு விஞ்ஞானிகளின் முகமோ மந்திரிகளின் முகமோ தோன்றவில்லை, கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த அந்த அண்ணனின் முகம்தான் தோன்றியது.

சாய்த்து வைத்த கோல், சாய்ந்து கிடந்த படகுகள், இன்னொரு இடம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் ஏறத்தாழ 8,000 பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது, நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் உருக்குலைந்து கிடந்தன, ஆரணியிலிருந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு லாரியில் அரிசி மூட்டை ஏற்றினோம், எங்கள் ஊரில் அரிசிக்குக் குறைவில்லை, அவித்த நெல்லின் வாசனை ஊரைச் சுற்றியிருக்கிற மில்களிலிருந்து வராத நாள் கிடையாது. துணியும் சேர்த்தோம், அப்போது உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த ஆயா எழுந்து உட்கார்ந்து, பழசு ஒன்றுகூட லாரியில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள், தன் பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத நூல் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், வாழ்நாளெல்லாம் பட்டு நெய்த வீட்டில் இருந்து நூல் சேலை மட்டுமே கட்டியவள் அவள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது நாகைக்குப் போகிற வழியிலேயே தெரிந்தது, எங்கிருந்தெல்லாமோ வந்த பழந்துணிகள் சாலையோரங்களில் குவிந்து பனியில் நனைந்து மக்கிக்கொண்டிருந்தன, வீடிழந்த பெண்கள்கூட அவற்றைத் தொடவில்லை, மானம் கடலோடு போய்விடவில்லை அவர்களுக்கு.

கரையில் உப்பும் சேறும் டெட்டாலும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாசனை, அதற்கடியில் சொல்ல முடியாத இன்னொன்று. அந்த முதல் நாட்களில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்து இளைஞர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு இடிபாடுகளுக்குள் இறங்கி, யார் பெற்ற பிள்ளை, எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் உடல்களைத் தூக்கிச் சுமந்து அடக்கம் செய்தார்கள், அதை அந்தக் கரை இன்றும் பேசுகிறது. முதல் வாரத்தில் ஊரே திரண்டு வந்திருந்தது, வண்டி நிறுத்த இடமில்லை, பொங்கல் கழிந்ததும் கூட்டம் வடிந்துவிட்டது, அது இயல்புதான், எல்லோருக்கும் வேலை இருக்கிறது, தற்காலிகக் கொட்டகையின் வாசலில் உட்கார்ந்து அறுந்த வலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ‘மறுபடி வருவீங்களா தம்பி.’ மாசியில் மறுபடி போனோம், அரிசி தேவைப்படவில்லை, வலை பின்ன ஆள் தேவைப்பட்டது, எங்களோடு வந்த நெசவாளர்களுக்கு வலைக்கண் புதிது, ஆனால் நூலும் முடிச்சும் பழக்கம், அந்த அம்மா காட்டிக் கொடுக்க, ஆரணி விரல்கள் நாகை வலையில் ஏறின.

இப்படிக் கூடிச் செய்கிற பழக்கம் நம்முடையது மட்டும் இல்லை, இந்தோனேசியக் கிராமத்திலும், ஃபின்லாந்தின் பனியூர்களிலும், பெரு நாட்டின் மலைச்சரிவுகளிலும் ஒரு வீட்டுக் கூரைக்கோ ஒரு வாய்க்காலுக்கோ ஊர் கூடி இறங்குவதற்குத் தலைமுறை தலைமுறையாக வந்த முறைகள் இருக்கின்றன, பக்கத்தில் இலங்கையில் ஆரியரத்ன என்கிற பள்ளி ஆசிரியர் 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனத்தொலுவ என்கிற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துப் போய் மண்வெட்டி பிடிக்கவைத்ததிலிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது, அவர் 2024இல் மறையும்வரை அதிலேயே இருந்தார். நம்மிடம் பாலம் கலியாணசுந்தரம் இருக்கிறார், ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரி நூலகராக இருந்து, வாங்கிய சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் தன் செலவுக்கு வேறு சின்னச் சின்ன வேலைகள் பார்த்தவர், 2023இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடிப் போனது. இவர்கள் எல்லோரையும் பற்றி யோசிக்கும்போது எனக்குப் படுகிற ஒற்றுமை ஒன்றுதான், அவர்கள் ஒருநாள் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர்கள் இல்லை, கொடுத்த கையோடு மறுநாளும் வந்தவர்கள், ஒருதடவை வருவதற்கு மனம் இளகினால் போதும், மறுபடி மறுபடி வருவதற்கு அந்த வேலையைத் தன் வேலையாக நினைக்க வேண்டியிருக்கிறது.

மண்டபத்தில் கைதட்டல் எழுந்தபோது இவ்வளவும் ஓடி முடிந்திருந்தது, மேடையில் எல்லோரையும் நெருக்கி நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், ரத்த தானம் செய்தவர்கள், வெள்ளத்தில் படகு ஓட்டியவர்கள், மரம் நட்டவர்கள், எல்லோரும் மரியாதைக்குரியவர்கள், ஆனால் நட்ட மரத்துக்கு அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றியது யார் என்பதைப் பற்றி அந்த மேடையில் ஒரு பேச்சும் இல்லை. சாப்பாடு முடித்து எங்கள் தெரு வழியாக நடந்தேன், சிமெண்டுச் சாலை, இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள், திண்ணைகளை இடித்துப் படிக்கட்டு வைத்துவிட்டார்கள், தெருவில் பாவு நீட்டி எத்தனையோ காலம் ஆகிறது, சாயங்காலமானால் செய்யாறு சிப்காட்டில் செருப்புக் கம்பெனிக்குப் போன பெண்களை இறக்கிவிடுகிற பஸ்ஸின் ஹாரன்தான் கேட்கிறது, தறிச் சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வருகிறது. ஓட்டு வீட்டுத் தாத்தா இருந்த இடத்தில் மாடி எழும்பியிருக்கிறது, பாவே இல்லாத தெருவில் அறுந்த இழையைத் தேடுகிற கைக்கு என்ன வேலை என்று ஒரு சலிப்பு வந்தது, மறைக்க வேண்டியதில்லை.

அந்த மாடி வீட்டின் படிக்கட்டில்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், மேல்படியில் ஒரு இளம்பெண், மடியில் ஒரு பழைய அட்டவணை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்துபோன பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியதும், சுமார் 2 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்ததும் நமக்குத் தெரியும், அன்று வந்தவர்களில் ஒருத்தி இவள், பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை, அதனால் தானும் நிறுத்தவில்லை என்றாள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைகளை எண்ணினாள், ஒரு பையனைக் காணோம், ‘கொஞ்சம் இருங்கண்ணா’ என்று எழுந்து நான்கு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டி, அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நடுவில் உட்காரவைத்தாள், கேள்வி கேட்கவில்லை, திட்டவில்லை, அவனுடைய நோட்டைத் திறந்து விட்ட இடத்தைக் காட்டினாள். எனக்குள் இருந்த சலிப்பு அந்தப் படிக்கட்டில் கலைந்தது, தெருவின் வேலை தீர்ந்துபோகவில்லை, நான்தான் பழைய இடத்திலேயே அதைத் தேடிக்கொண்டிருந்தேன், கூட்டத்துக்கு நடுவில் விட்டுப்போன ஒருவனைக் கண்டுபிடித்துச் சேர்ப்பதற்கு இன்றைக்கும் இந்தத் தெருவில் ஒரு கை இருக்கிறது.

உலகத் தன்னார்வலர் ஆண்டு என்று ஐ.நா. முன்பு 2001ஐ அறிவித்தது, இப்போது 2026, கொண்டாடட்டும், மாலை போடட்டும், மனிதர்கள் காசில்லாமல் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற வேலைக்கு உலகம் ஒரு வருடத்தை ஒதுக்குவது நல்லதுதான். ஆனால் மேடை போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டு, எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று எண்ணுங்கள், ஊர் நிற்பது அந்த இரண்டாவது எண்ணிக்கையின் மேல்தான். அந்தப் பெண்ணுக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாக வருகிறது, கணக்கில்தான் பெரிய பிள்ளைகள் அவளை மடக்கிவிடுகிறார்கள், சனிக்கிழமைகளில் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன், ‘ஒரு வாரம் வந்துட்டு நிறுத்திடாதீங்கண்ணா, பசங்க ஏமாந்துடும்’ என்றாள், வகுத்தல் ஒருவழியாக ஏறிவிட்டது, வருகிற சனிக்கிழமை பின்னம் தொடங்குகிறோம்.